‘லைட் வேலை முடிந்தது’ என்று இனி கையெழுத்துப் போட மாட்டேன்: டிரெய்லர் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டும் முதலாளிமார்களுக்கும் அவர்களுடைய பராமரிப்பு மேலாளர்களுக்கும்.

ஐயா,

உங்களில் சிலர் சேர்ந்து எடுத்த முடிவு போன மாதம் எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கு வாட்ஸாப்பில் வந்து சேர்ந்தது. இனி டிரெய்லர் லைட் வேலைக்கு, மாற்றிய சாமானுக்கும் அதை மாட்டிய கூலிக்கும் மட்டும்தான் பணம். ‘செக்கிங்’ என்று தனியாக எதுவும் பில்லில் வரக் கூடாது. ஜாப் கார்டில், அதாவது பார்த்த வேலையை எழுதித் தரும் சீட்டில், பழுது எங்கே இருந்தது, என்ன காரணம் என்றெல்லாம் எழுத வேண்டாம். ‘லைட் வேலை முடிந்தது’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

பணத்தைக் குறைப்பது சரி, எழுதுவதை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று ஒரு மேலாளரிடம் கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார்: “நாளைக்கு எங்கயாவது இடிச்சு கேஸ் ஆச்சுன்னா, நீங்க எழுதுன கார்டே நமக்கு எதிரா நிக்கும்.”

நான் மணலி பக்கம் பட்டறை வைத்து, பெரும்பாலும் டிரெய்லர் லைட் வேலை பார்த்தே பிழைப்பவன். கூலி போகிறதே என்ற கோபம் எனக்கு இருக்கிறது, அதை ஒளிக்கவில்லை. ஆனால் அந்த மேலாளர் சொன்ன காரணம்தான் இந்த மடலை எழுத வைத்தது. அது தப்புக் கணக்கு. சட்டப்படியும் தப்பு, வேலைப்படியும் தப்பு. வேலையை முதலில் சொல்கிறேன்.

அண்மையில் ஒரு நாற்பதடி டிரெய்லர் வந்தது. வலது பக்க டேஞ்சர் லைட், அதாவது பின்னால் இருக்கும் சிவப்பு லைட், எரியவில்லை என்று புகார். டிரைவர் கையில் பழைய பில்கள் சில இருந்தன. வேறு வேறு பட்டறை, வேறு வேறு மாதம், எல்லாவற்றிலும் ‘பல்பு மாற்றப்பட்டது’. ஹோல்டரில் இருந்த பல்பைக் கழற்றிப் பார்த்தால் புத்தம் புதுசு. இழை நன்றாக இருந்தது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பல்பைக் கழற்றிவிட்டு, காலி ஹோல்டரில் மல்டிமீட்டரை வைத்தால் 24 வோல்ட் காட்டும். “கரண்ட் வருது, பல்புதான் போச்சு” என்று முடிவு கட்டிவிடுவார்கள். மீட்டர் எடுத்துக்கொள்ளும் கரண்ட் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒயருக்குள் இருபது முப்பது இழையில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும், ஜாயிண்ட் முழுக்கப் பச்சை பூத்திருந்தாலும், மீட்டரில் 24 வந்தே தீரும். குழாயைத் திறக்காமலே தொட்டியில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்வதைப் போலத்தான் அது. லைட் எரிந்துகொண்டிருக்கும்போது, கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். அதனால் நான் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் கட்டி வைத்திருக்கிறேன். அது ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். அழுகிய ஒயர் அந்தச் சுமையைத் தாங்காது, அங்கேயே காட்டிக் கொடுத்துவிடும்.

அந்த டிரெய்லரில் எல்லா லைட்டையும் போட்டு அளந்தேன். டிரெய்லரை இழுக்கும் முன்வண்டியிலிருந்து வரும் கேபிளைச் செருகும் முன் சாக்கெட்டில் 24.6 வோல்ட். பின்னால் லேம்பில் 17.8. நடுவில் 6.8 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. பாசிட்டிவ் ஒயரில் தொலைந்தது அரை வோல்ட்தான். மீதி 6.3 வோல்ட்டும் எர்த் பக்கம், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழியில். அரை வோல்ட்டைத் தாண்டினாலே அந்த எர்த்தைச் சந்தேகப்பட வேண்டும். இழை பல்புக்கு வோல்ட் கால் பங்கு குறைந்தால் வெளிச்சம் கால் பங்கு குறைவதோடு நிற்காது, பாதிக்கும் கீழே போய்விடும். பகலில் பார்த்தால் எரியாத மாதிரியே இருக்கும்.

பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பிரேக் லைட்டோடு இண்டிகேட்டரும் பார்க்கிங் லைட்டும் மங்கலாக எரிந்தன. எர்த் வழியாகத் திரும்பிப் போக முடியாத கரண்ட், அதே லேம்புக்குள் இருக்கும் மற்ற இழைகளுக்குள் புகுந்து, வேறு ஒயர் வழியாக வேறு எங்கோ எர்த்தைத் தேடிக்கொள்வதால் வரும் கோளாறு அது. இதற்கு எத்தனை பல்பு மாற்றினாலும் பயன் இல்லை.

வண்டிக்கு அடியில் படுத்துத் தேடியதில் காரணம் கிடைத்தது. முன்பு யாரோ லேம்பின் எர்த் ஒயரை வெட்டிவிட்டு, பெயின்ட்டின் மேலேயே போல்ட் போட்டு சேஸியில் முடுக்கியிருக்கிறார்கள். சாக்கெட்டின் 1-ஆம் பின்னுக்குப் போக வேண்டிய வெள்ளை ஒயர் அறுந்து தொங்கியது. அப்படியானால் அந்த டிரெய்லரின் கரண்ட் எல்லாம் எந்த வழியாக முன்வண்டிக்குத் திரும்பியது? கிங் பின், பிப்த் வீல் வழியாக, அதாவது டிரெய்லரை முன்வண்டியோடு கோக்கும் இரும்பு முளையும் அது உட்காரும் தட்டும் வழியாக. நடுவில் ஒரு அங்குலத்துக்குக் கிரீஸ்! வண்டி நின்றால் இரும்போடு இரும்பு எங்காவது ஒட்டிக்கொண்டு லைட் எரியும். ஓடும்போது குதிக்கும்போதெல்லாம் அணையும். யார்டில் எரிகிறது, ரோட்டில் எரியவில்லை என்று அந்த டிரைவர் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். யாரும் எழுதவில்லை.

பல்பு மாற்ற ஐந்து நிமிடம். இதைக் கண்டுபிடிக்க அரை நாள் போனது. மாற்றிய சாமான் என்று பார்த்தால் கொஞ்சம் ஒயர், இரண்டு லக், ஒரு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். உங்கள் புதிய விதிப்படி இந்த வேலைக்கு என் பில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட வராது. அதே சமயம், ஒரு நல்ல பல்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொரு பல்பை மாட்டி அனுப்பியிருந்தால் அதற்குத் தயங்காமல் பணம் கொடுத்திருப்பீர்கள். எந்த வேலையை வளர்க்கிறீர்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தேடும் நேரத்துக்குப் பணம் இல்லை என்றால் என்ன நடக்கும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ‘டைரக்ட்’ கொடுப்பார்கள். பழுதான ஒயரைத் தேடாமல், பக்கத்தில் எரிகிற லைட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, முறுக்கி, டேப் சுற்றி அனுப்பிவிடுவார்கள். எண்ணூர்க் கடற்காற்றில் அந்த முறுக்கு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. உப்பு ஈரம் டேப்புக்குள் புகுந்து, செம்பைப் பச்சையாக்கி, ஒயரின் உறைக்குள்ளேயே ஏறும். வெளியே பார்த்தால் ஒயர் நன்றாக இருக்கும், உள்ளே பொடியாக இருக்கும். டெஸ்ட் லேம்பின் ஊசியால் ஒயரைக் குத்திப் பார்த்துவிட்டு அப்படியே விடுகிறவர்களும் இந்த ஈரத்துக்கு வழி திறந்து வைப்பவர்கள்தான்.

பியூஸ் போகிற வண்டி இன்னும் மோசம். சேஸியின் குறுக்குச் சட்டத்தில் ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லையென்றால் இரும்பு விளிம்பு உறையை அறுத்துவிடும். காலியாக நிற்கும்போது ஒன்றும் தெரியாது. லோடு ஏற்றினால் சேஸி வளையும், அப்போது ஒயர் இரும்பைத் தொடும், பியூஸ் போகும். ‘லோடு இருக்கும்போது மட்டும்’ என்ற மூன்று சொல் கார்டில் இருந்தால் அடுத்த எலக்ட்ரீஷியன் நேராக அந்த ஓட்டைகளைப் பார்ப்பான். இல்லையென்றால் காலி வண்டியில் தேடிச் சலித்து, பெரிய பியூஸ் போடுவான். சிலர் செம்பு இழையையே சுற்றிவிடுகிறார்கள். அப்புறம் பியூஸ் போகாது, ஹார்னஸ் போகும், அதாவது ஒயர்க் கட்டே எரிந்துவிடும்.

“எல்லாத்தையும் எல்.இ.டி. ஆக்கிட்டோம், இனிமே பிரச்சினை இல்ல” என்று உங்களில் ஒருவர் சொன்னார். எல்.இ.டி. நல்லதுதான், நானும் அதைத்தான் போடச் சொல்கிறேன். ஆனால் அது எடுக்கும் கரண்ட் குறைவு என்பதால் கெட்ட ஜாயிண்ட்டிலும் பிரகாசமாக எரியும். 10 முதல் 30 வோல்ட் வரை வேலை செய்யும் லேம்புகள் நிறைய வந்துவிட்டன. இழை பல்பாவது மங்கி மங்கி முன்கூட்டியே எச்சரிக்கும். இது கடைசிவரை எரிந்துவிட்டு ஒரே அடியாக அணைந்துவிடும். ஒயரை அளந்து எழுதி வைப்பது இப்போதுதான் முன்னைவிட அவசியம்.

இன்னொரு சிக்கல் உங்கள் ஆபீசிலேயே இருக்கிறது. ஜாப் கார்டு முன்வண்டியின் நம்பரில் போடப்படுகிறது. பழுது இருப்பதோ டிரெய்லரில். இன்று ஒரு வண்டியோடு வந்த டிரெய்லர் அடுத்த வாரம் இன்னொரு வண்டியின் பின்னால் நிற்கிறது. பழைய கார்டு பழைய வண்டியோடு போய்விடுகிறது. நான் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்: பழுது முன்வண்டியிலா, நடுவில் இருக்கும் சுருள் கேபிளிலா, டிரெய்லரிலா? சுருள் கேபிள் உள்ளுக்குள் அறுந்திருந்தால் வண்டி திரும்பும்போது மட்டும் லைட் அணையும். போன முறை பார்த்தவர் ‘கேபிள் மாற்றிப் பார்த்தாயிற்று, பழுது டிரெய்லரில்தான்’ என்று ஒரு வரி விட்டுப் போயிருந்தால் எனக்கு ஒரு மணி நேரம் மிச்சம். உங்களுக்கும்தான்.

ஒயர் நிறத்தையும் நம்ப முடிவதில்லை. 24 வோல்ட் வண்டிகளுக்கான ஏழு பின் சாக்கெட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 1185 என்று ஒரு தரம் இருக்கிறது. வெள்ளை எர்த், கறுப்பு இடது பார்க்கிங், மஞ்சள் இடது இண்டிகேட்டர், சிவப்பு பிரேக், பச்சை வலது இண்டிகேட்டர், பழுப்பு வலது பார்க்கிங். என் பட்டறைக்கு வரும் டிரெய்லர்களில் பல, பாடி கட்டிய அன்று கடையில் எந்தச் சுருள் கிடைத்ததோ அந்த நிறத்தில் இருக்கின்றன. முழு வண்டியும் சிவப்பு ஒயரில் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். படம் ஒன்று வரைந்து வைக்காத வண்டியில் ஒவ்வொரு எலக்ட்ரீஷியனும் புதிதாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, இப்போது அந்த மேலாளரின் பயத்துக்கு வருகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 190-ஐ உங்கள் வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். பழுதுள்ள வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது பற்றிய பிரிவு அது. டிரெய்லரையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஓட்டுகிறவரோடு, ஓட்டச் செய்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் அதில் வருகிறார்கள். முக்கியமானது அடுத்தது. ஒருவருக்குத் தெரிந்த பழுது மட்டும் அல்ல, சாதாரணக் கவனம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய பழுதும் கணக்கில் வரும். அந்தப் பழுதால் விபத்து நடந்து யாருக்காவது காயமானால் அபராதத்தோடு நிற்காமல் சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது.

ஆக, தெரியாமல் இருப்பது உங்களைக் காப்பாற்றாது. ஒரே லேம்புக்குத் திரும்பத் திரும்ப பல்பு வாங்கிய பில்கள் உங்கள் கணக்குப் பிரிவில் இருக்கின்றன. அந்த லைட்டில் கோளாறு இருந்தது உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அவையே போதும். காரணத்தைத் தேடினீர்கள், சரி செய்தீர்கள், அளந்து பார்த்து அனுப்பினீர்கள் என்று காட்டுவதற்குத்தான் உங்களிடம் ஒன்றுமே இருக்காது. நான் எழுதுவது அந்த ஒன்று. அதைத்தான் வேண்டாம் என்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கார்டு பேசாவிட்டாலும் பல்பு பேசும். எரிந்துகொண்டிருக்கும் இழை சூட்டில் இளகி இருக்கும். பலமான மோதலில் அது இழுபட்டு நீண்டு போகும். அணைந்திருந்த இழை அப்படி ஆகாது. கண்ணாடி உடைந்திருந்தால், சூடாக இருந்த இழை காற்றுப்பட்டு நிறம் மாறியிருக்கும். மோதிய நேரத்தில் லைட் எரிந்ததா என்று பார்க்க விபத்து ஆராய்ச்சியில் பயன்படும் முறை இது. காலிக் கார்டை வைத்து யாரிடமும் எதையும் மறைக்க முடியாது.

வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி.யைக் காட்டாதீர்கள். அது ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ, பகல் வெளிச்சத்தில், காலி வண்டியில், நின்ற இடத்தில் பார்ப்பது. நான் மேலே சொன்ன பழுதுகளில் பல அன்று தெரியாமல் போகலாம்.

மணலி, எண்ணூர் ரோட்டிலும் மாதவரம் உள்வட்டச் சாலையிலும் ராத்திரி வண்டி ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? டெர்மினல் கேட் வரை இடது ஓரத்தில் டிரெய்லர் வரிசை. தெருவிளக்கு இருந்தால் இருக்கும். கன்டெய்னர் இல்லாத காலி சேஸி பைக்காரர் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத மாதிரிதான், இரண்டு நீளச் சட்டம், அவ்வளவே. பின்னால் இருக்கும் சிவப்பு லைட்டும் ஒளிரும் டேப்பும்தான் அங்கே ஒரு வண்டி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். டேப்பைச் சேறு மூடியிருக்கும். லைட்டும் இல்லையென்றால் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவனின் தலை உயரத்தில் இரும்பு நிற்கிறது. அப்படி மோதியவர்களைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவர்கள் எங்கள் பட்டறைத் தெருவில் இருக்கிறார்கள். உங்களுக்கும் இது புதிய செய்தி இல்லை.

டிரைவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. லைட் பழுதில் பாதியை டிரைவர் சொல்லிவிடுவார், கேட்டால். மழையிலா, லோடிலா, திரும்பும்போதா, பிரேக் போடும்போதா என்று அவருக்குத்தான் தெரியும். ஆனால் லைட் எரியவில்லை என்று சொன்னால் “டிரிப்பைத் தட்டிக் கழிக்கிறான்” என்று பேர் வருகிறது. வழியில் போலீஸ் பிடித்தால் அபராதம் அவர் பேட்டாவில் போகிறது. அப்புறம் அவர் ஏன் வாயைத் திறப்பார்?

நான் கேட்பது இவ்வளவுதான்.

அந்த வாட்ஸாப் அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். லைட் பழுதைத் தேடும் நேரத்துக்கு மணிக்கணக்கில் ஒரு கூலியை எங்களோடு பேசி முடிவு செய்து, பில்லில் தனி வரியாக ஏற்றுக்கொள்ளுங்கள். நேரத்தை ஏமாற்றுவார்கள் என்ற சந்தேகம் இருந்தால், அளந்த எண்களைப் போட்டோவோடு கேளுங்கள். கொடுக்கத் தயார்.

ஒவ்வொரு டிரெய்லருக்கும், அதன் சொந்த நம்பரில், ஒரு பழுதுக் கார்டு போடுங்கள். முன்வண்டியின் கார்டோடு சேர்க்காதீர்கள். ஒரு பிரதி டிரெய்லரின் டூல் பாக்ஸில் பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும், இன்னொன்று உங்கள் ஆபீசில் இருக்கட்டும். டிரைவர் சொன்ன புகார் அவர் வார்த்தையிலேயே, எந்த லேம்ப், எந்தப் பின், என்ன நிற ஒயர், லைட் எரியும்போது சாக்கெட்டிலும் லேம்பிலும் எர்த் பக்கத்திலும் என்ன வோல்ட், பழுது இருந்த இடம் அச்சில் இருந்து எத்தனை அடி, என்ன செய்தோம், செய்த பிறகு என்ன வோல்ட். இவை எல்லாம் அதில் வர வேண்டும். மேலே சொன்ன வண்டிக்கு நான் எழுதியது அரைப் பக்கம்கூட இல்லை. கடைசி வரியில் லேம்பில் 23.9, எர்த் பக்கம் 0.2 என்று இருக்கிறது. அடுத்து பார்ப்பவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

ஒரே லேம்புக்கு இரண்டாம் முறை புகார் வந்தால், ஒயரை அளக்காமல் பல்பு மட்டும் மாற்றிய பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஆம், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வழியில் அவசரத்துக்கு டைரக்ட் கொடுக்க நேர்ந்தால் அதைச் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள், வண்டி யார்டுக்கு வந்ததும் அதைப் பிரித்துச் சரி செய்யாமல் அடுத்த டிரிப்புக்கு அனுப்பாதீர்கள். பியூஸ் பெட்டி மூடியில் எந்த இடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று பெயின்ட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். புது டிரெய்லர் கட்டக் கொடுக்கும்போது, சங்ககிரியோ நாமக்கல்லோ, ஐ.எஸ்.ஓ. 1185 நிறப்படி ஒயரும், கையால் வரைந்ததாக இருந்தாலும் ஒரு ஒயரிங் படமும் வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். லைட் பழுதைச் சொன்ன டிரைவரின் டிரிப்பைப் பறிப்பதில்லை, அந்த அபராதத்தை அவர் தலையில் கட்டுவதில்லை என்று உங்கள் ஆபீஸ் போர்டில் எழுதி ஒட்டுங்கள்.

இந்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். போனில் வேண்டாம், எழுத்தில் கொடுங்கள். அதுவரை உங்கள் வண்டிகளை நான் பார்ப்பேன், பழுதை அளந்து எழுதித்தான் கொடுப்பேன். ‘லைட் வேலை முடிந்தது’ என்ற ஒற்றை வரிக் கார்டில் மட்டும் என் கையெழுத்து இருக்காது. அந்தக் கையெழுத்துதான் வேண்டும் என்றால் டிரெய்லரை வேறு பட்டறைக்கு அனுப்பிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மணலி வட்டாரத்து டிரெய்லர் எலக்ட்ரீஷியன் ஒருவன்